டிராகுலாவை ஒலிநூலாகக் கேட்கிறேன், பயமே வரவில்லை: வேகம், சத்தம், தேதிக் குழப்பம்

மழைக்காலம்:

ப்ராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை ஆங்கிலத்திலேயே முழுதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுருக்கப் பதிப்பு இல்லை. தொண்டர்கள் வாசித்த ஒலிநூல்களை இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் இறக்கியது, 27 அத்தியாயம். ஏழு முடிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன், காதுக்குள் செருகும் புளூடூத் இயர்பட்ஸ். பகலில் பேருந்தில் 40 நிமிடம், இரவு படுக்கையில் அரைமணி.

கதை புரிகிறது, பயம்தான் வரவில்லை. வேகம் 1.5. செயலியில் மௌனத்தைத் தாண்டிப் போகும் வசதியும் ஆனில் இருக்கிறது. இரண்டையும் மாற்றினால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

அடுத்து சத்தம். வாசிப்பவர் குரலைத் தாழ்த்தினால் பேருந்தில் எதுவும் கேட்பதில்லை. கூட்டி வைத்தால் அடுத்த வரியிலேயே காதைப் பிளக்கிறது.

தேதிகள் தலை சுற்ற வைக்கின்றன. நான்காம் அத்தியாயம் ஜூன் 30இல் முடிகிறது, ஐந்தாவது மே மாதத்துக்குத் திரும்புகிறது. ஏழில் முதலில் ஆகஸ்ட், பிறகு ஜூலை. கையில் புத்தகம் இருந்தால் புரட்டிப் பார்க்கலாம், காதால் கேட்பவர் என்ன செய்வது? ஆறாம் அத்தியாயத்துக் கிழவர் பேச்சில் பாதி விளங்கவில்லை.

இரவில் தூங்கிவிட்டால் விட்ட இடம் தொலைந்துபோகிறது. கோப்புகளும் 1க்குப் பிறகு 10, 11 என்று ஓடுகின்றன.

ஏழாம் அத்தியாயத்துக்கு மேல் கதையைச் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.

---

ஒலித்தட்டு:

மௌனத்தைத் தாண்டும் வசதியை முதலில் அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒலி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கி நொடியில் ஒரு சிறு பங்குக்கு மேல் அங்கேயே நின்றால், அந்தத் துண்டை அந்த வசதி வெட்டிவிடும், அல்லது விரட்டி ஓட்டிவிடும். பேட்டிகளுக்கும் பாட்காஸ்டுக்கும் அது சரி. திகில் நாவலை வாசிப்பவர் அந்த மௌனத்தைத் தெரிந்தே வைக்கிறார். வாக்கியத்துக்கு வாக்கியம் அரை நொடி, பத்திக்குப் பத்தி ஒரு நொடி என்று போய்க்கொண்டிருக்கிற குரல் ஓரிடத்தில் இரண்டு நொடி நின்றால், அந்த இரண்டாவது நொடியில்தான் கேட்பவருக்கு உடம்பு விறைக்கிறது. வசதி ஆனில் இருந்தால் அது உங்கள் காதுக்கு வந்து சேரவே சேராது. வேகம் 1.5 என்பது மிச்சமிருக்கும் இடைவெளியையும் மூன்றில் இரண்டாகச் சுருக்குகிறது.

நீங்கள் கேட்டு முடித்த இரண்டாம் அத்தியாயத்திலேயே சோதித்துப் பாருங்கள். சவரக் காட்சி. டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போயிருக்கும் ஹார்க்கர் சிறு கண்ணாடியைச் சன்னல் ஓரம் மாட்டிவிட்டுச் சவரத்தைத் தொடங்குகிறார். தோளில் ஒரு கை. பிரபுவின் குரல், காலை வணக்கம். ஹார்க்கர் திடுக்கிடுகிறார், ஏனென்றால் அறை முழுவதும் கண்ணாடியில் தெரிகிறது, ஆள் வந்ததை மட்டும் அவர் பார்க்கவில்லை. கத்தி தாடையில் லேசாகக் கீறிவிடுகிறது. கைக்கும் குரலுக்கும் நடுவே, குரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வாசிப்பவர் எவ்வளவு நிற்கிறார் என்று கவனியுங்கள். ஒருமுறை இப்போதுள்ள அமைப்பில் கேளுங்கள், ஒருமுறை வேகம் 1.0, மௌனத் தாண்டல் அணைத்து. இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நாவல் ஏறத்தாழ 1,60,000 சொற்கள். நிமிடத்துக்கு 155 சொல் என்று நிதானமாக வாசித்தால் 17 மணி நேரம். 1.5 வேகத்தில் 11 மணி 20 நிமிடம். உங்களுக்கு மிச்சமாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், போவது நாவலின் உயிர். நான் சொல்லும் நடுவழி: ஹார்க்கர் நாட்குறிப்புக்கும் கப்பல் குறிப்புக்கும் 1.0, தோழிகள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களுக்கு 1.2. அதற்கு மேல் வேண்டாம்.

வேகத்தைக் கூட்டும்போது குரல் கீச்சிடாமல் இருக்க, செயலி ஒலியைச் சிறு சிறு துண்டாக நறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. முழுக் குரலில் பேசும் இடத்தில் ஒட்டுப்போட்டது தெரியாது. கிசுகிசுப்பில், மூச்சு விடும் ஓசையில் தெரியும், மணலைத் தேய்ப்பதுபோல் கரகரக்கும். திகில் நாவலில் முக்கியமான இடங்கள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் வரும். 0.8க்குக் கீழே போனாலும் இதே சிக்கல்தான், ஒலி இழுபடும்.

முதல் அத்தியாயம் மந்தமாக இருக்கிறது என்று பலர் அங்கேயே வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். மே 1 இரவு 8:35க்கு மியூனிக்கிலிருந்து புறப்பாடு, வியன்னாவுக்கு 6:46க்கு வரவேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று நாட்குறிப்பு தொடங்குகிறது. ரயில் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுகிற ஆள், போகப்போக தன் கண்ணையே நம்ப முடியாமல் தவிக்க வேண்டும், அதற்கான அடித்தளம் இது. இந்த 8:35ஐ விரட்டினால் கோட்டைக்குள் போன பிறகு எதுவும் உறைக்காது.

அடுத்து சத்தம். லிப்ரிவாக்ஸ் தன் தொண்டர்களுக்கு 89 டெசிபெல் என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறது. அது கோப்பை அளக்கும் மென்பொருளின் அளவுகோல், உங்கள் காதில் விழும் சத்தம் அல்ல. அதனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சராசரி பெரிதாக மாறாது. ஒரே வாக்கியத்துக்குள் முணுமுணுப்பும் அலறலும் வந்தால் சராசரியால் என்ன பயன்? விலைக்கு விற்கும் நூல்களில் கட்டுப்பாடு கூடுதல். ஆடிபிளுக்குப் பதிவுகள் போய்ச் சேரும் ஏசிஎக்ஸ் தளத்தில் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18 டெசிபெல்லுக்கும் இடையில், உச்சம் மைனஸ் 3க்குள், பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே என்று விதியே இருக்கிறது.

பேருந்துக்கு, ஒலியளவைத் தொடும் முன் இயர்பட்ஸின் சிலிக்கான் நுனியைப் பாருங்கள். காதை முழுதாக அடைக்கிறதா? நுனி ஒரு அளவு சிறியதாக இருந்தால் இன்ஜின் உறுமல் மொத்தமும் உள்ளே வரும். பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்றும் இல்லை. பிறகு ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் கூட்டுங்கள். ச, த, க போன்ற மெய்யொலிகளின் தெளிவு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கிசுகிசுப்பு எழுந்து வரும், மொத்தச் சத்தம் ஏறாது. செயலியில் வால்யூம் பூஸ்ட் இருந்தால் பேருந்தில் மட்டும் போடுங்கள். அது தாழ்ந்ததையும் உயர்ந்ததையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும், இரவில் அதுவே பயத்தைத் தட்டையாக்கிவிடும்.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. பேருந்து இரைச்சலை மிஞ்சவேண்டும் என்று 86க்கு ஏற்றி, 17 மணி நேர நாவலை ஒரே வாரத்தில் முடித்தால் வரம்பைத் தாண்டியாகிவிட்டது.

---

பக்கம்_27:

தேதிக் குழப்பத்துக்கு வருகிறேன். இந்த நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் கிடையாது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு, கப்பல் குறிப்பு, எல்லாம் தாள்களின் கட்டு. ஒவ்வொரு தாளின் தலையிலும் யார், எந்த நாள் என்று இருக்கும். அச்சில் அது தடித்த எழுத்தில் கண்ணில் படுகிறது. வாசிப்பவர் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் பேருந்தில் சில்லறை வாங்கிக்கொண்டிருப்பீர்கள். தவறவிட்டால் அந்தப் பகுதி முழுவதும் யார் பேசுகிறார் என்று தடவ வேண்டியதுதான்.

பாதித் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நாள், யார், எங்கே. குரல் மாறும்போது ஒரு வரி மட்டும். ‘மே 3, ஹார்க்கர், பிஸ்த்ரிட்ஸ்.’ ‘மே 9, மினா, லூசிக்குக் கடிதம்.’ ‘மே 25, சீவர்டு, போனோகிராஃப்.’ 27 அத்தியாயத்துக்கும் இரண்டு தாள் போதும். கதையை எழுதாதீர்கள், எழுத ஆரம்பித்தால் கேட்பது நின்றுவிடும். தலைப்பைத் தவறவிட்டது தெரிந்ததும் பத்து பத்து நொடியாகப் பின்னால் போகாமல் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கே போங்கள்.

ஐந்தாம் அத்தியாயம் மே மாதத்துக்குத் திரும்புவது தவறி நடந்தது இல்லை. ஹார்க்கர் கோட்டையில் அகப்பட்டுக் கிடக்கும் அதே நாட்களில் இங்கிலாந்தில் மினா, லூசி என்ற இரு தோழிகள் கல்யாணப் பேச்சு எழுதிக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதங்களை வெறும் அரட்டை என்று 1.5இல் ஓட்டினால் அந்த இடைவெளி உறைக்காது. ஒலித்தட்டு சொன்ன 1.2கூட எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

ஏழாம் அத்தியாயத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள், ஒலிநூலுக்கென்றே செய்ததுபோன்ற அத்தியாயம் அது. முதலில் ஆகஸ்ட் 8 செய்தித்தாள்: புயல், விட்பி துறைமுகத்துக்குள் பாய்ந்து வரும் கப்பல், சுக்கானோடு கட்டப்பட்ட பிணம். கப்பலின் கதி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டெமீட்டர் கப்பலின் குறிப்பு, வர்னாவிலிருந்து. முடிவு தெரிந்த பின் தொடக்கத்தைக் கேட்கிறீர்கள். இனி என்ன ஆகும் என்ற கேள்வி போய், ‘எந்த நாளில், எத்தனையாவது ஆள்’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே தாளில் ‘9’ என்று எழுதிக்கொள்ளுங்கள். மாலுமிகள் ஐந்து, துணைத் தலைவர்கள் இரண்டு, சமையல்காரர், கப்பல் தலைவர். ஜூலை 16இல் முதல் ஆள் காணாமல் போகிறார், 9ஐ அடித்து 8 எழுதுங்கள். இப்படியே போகட்டும். எண் குறையக் குறைய வாசிப்பவர் தேதி சொல்லிவிட்டு நிற்கும் இடைவெளியே போதுமானதாகிவிடும்.

நுட்பமான விஷயம் ஒன்று, கேட்கும்போது எளிதில் நழுவும். குறிப்பின் முதல் வரியில் இது ஜூலை 18 அன்று எழுதப்படுகிறது என்று வருகிறது. விநோதங்கள் நடப்பதால் இனி ஒழுங்காகக் குறிக்கப்போகிறேன் என்கிறார் தலைவர். ஆக, ஜூலை 6 முதல் 17 வரை உள்ளது பின்னால் திரும்பிப் பார்த்து எழுதியது. 22ஆம் தேதியிலிருந்து அன்றன்றைக்கு எழுதியது. நல்ல வாசிப்பாளர் இந்த இடத்தில் குரலை மாற்றுவார்: முதல் பாதியில் அறிக்கை வாசிக்கும் நிதானம், இரண்டாம் பாதியில் தூக்கமில்லாதவனின் குரல். உங்கள் பதிப்பில் அந்த மாற்றம் கேட்கவில்லை என்றால் வேறு வாசிப்பாளரைத் தேடலாம்.

ஆறாம் அத்தியாயத்துக் கிழவர் ஸ்வேல்ஸ். நூறு வயதை நெருங்கும் பழைய மாலுமி, யார்க்‌ஷயர் கடற்கரைப் பேச்சு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அங்கே தடுமாறுவார்கள், எனவே திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை. குட்டன்பர்க் தளத்தில் 345ஆம் எண் நூலாக முழு உரையும் இலவசமாக இருக்கிறது. அந்த இரண்டு மூன்று பக்கத்தை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘கிர்க்கார்த்’ என்றால் தேவாலய வளாகத்துக் கல்லறைத் தோட்டம், ‘த்ரஃப்ஸ்டீன்’ கல்லறைப் பலகை, ‘போகிள்’ பேய். அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: இன்னார் உடல் இங்கே துயில்கிறது என்று கல்லில் வெட்டியிருப்பது பொய், கடலில் செத்தவர்களுக்கு ஏது உடல், பாதிக் குழிகள் காலி. பேய்க் கதைகளை எள்ளி நகையாடுகிற மனிதர், காலிக் குழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பேச்சு விளங்காவிட்டாலும் தொனி பிடிபடும்.

ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து ஒரு டச்சுக்காரப் பேராசிரியர் வருவார், அவர் ஆங்கிலம் வேண்டுமென்றே உடைந்து எழுதப்பட்டது. வாசிப்பவர் தவறாக வாசிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

---

மழைக்காலம்:

ஒலித்தட்டு சார், சவரக் காட்சியை இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. பக்கம்_27, அந்த ‘9’ யோசனைக்கு நன்றி.

இனி தூக்கம், கோப்பு வரிசை. இன்னொன்றும்: பல குரல்களில் நடிகர்கள் வாசித்த பதிப்பு இருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?

---

சன்னலோரம்:

கோப்பு வரிசை எளிது. இசை கேட்கும் செயலியில் நாவலைப் போடாதீர்கள், அது கோப்பின் பெயரை விட்டுவிட்டு உள்ளே பதிந்த தலைப்பை எழுத்து வரிசைப்படி அடுக்கும். எழுத்து வரிசையில் 1க்குப் பிறகு 10தான். ஒலிநூலுக்கான செயலி வேண்டும். ஆண்ட்ராய்டில் வாய்ஸ், ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர் இரண்டும் நன்றாக வேலை செய்யும். நூலுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் 27 கோப்பு, பெயர் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில். அப்படியும் மாறி ஓடினால், கணினியில் டேக் திருத்தும் மென்பொருளில் டிராக் எண்ணை 1 முதல் 27 வரை நிரப்புங்கள். எல்லாம் ஒரே கோப்பாக அத்தியாயக் குறியோடு வேண்டுமென்றால் எம்4பி வடிவம் இருந்தால் எடுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) கோப்பு மணிக்கு 29 எம்பி, 128 என்றால் 58 எம்பி. 17 மணி நேரத்துக்கு முறையே சுமார் 490 எம்பி, 980 எம்பி. பேருந்துக்கு 64 தாராளம். இரவில் அமைதியான அறையில் கேட்க 128 எடுங்கள், 64இல் ஸ, ஷ ஒலிகளின் விளிம்பு கலங்கும், மூச்சொலியும் கலங்கும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுபோகிறது என்று அடுத்து வந்து கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். திரை அணைந்தபின் பேட்டரியைச் சேமிக்க போனே பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்துக்குப் போய்க் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில போன்களில் விட்ட இடம் பதிவாகாமலே செயலி செத்துவிடும், மறுநாள் அத்தியாயத்தின் முதல் நொடியில் நிற்பீர்கள்.

இனி தூக்க டைமர். பெரும்பாலோர் ‘அத்தியாயம் முடியும்போது நிறுத்து’ என்று வைப்பார்கள். திகில் நாவலுக்கு அது தவறான தேர்வு. அத்தியாயம் உச்சத்தில் முடியும்படிதான் எழுதியிருக்கும். தூக்கம் வர ஆரம்பித்த நேரத்தில் உங்களை உலுக்கி எழுப்பிவிட்டு நின்றுவிடும். சராசரி அத்தியாயம் 38 நிமிடம் வரும், அரைமணியில் அது முடியவும் முடியாது. 20 நிமிடம் என்று நிலையாக வையுங்கள். கடைசி சில நொடிகளில் ஒலி மெல்லத் தேயும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள், சட்டென்று நின்றால் அந்த நிசப்தமே எழுப்பிவிடும். போனை அசைத்தால் டைமர் நீளும் வசதி பல செயலிகளில் உண்டு. விழித்திருந்தால் அசைப்பீர்கள், தூங்கியிருந்தால் அது நின்றுவிடும்.

தூங்கிப்போனால் இழப்பது அதிகபட்சம் அந்த 20 நிமிடம்தான். டைமர் வைக்கும்போதே ஒரு புத்தகக்குறி போட்டுவிடுங்கள். மறுநாள் காலை அந்தக் குறியிலிருந்து 10 நிமிடம் முன்னோக்கிப் போங்கள். அந்த வாக்கியம் நினைவிருக்கிறதா? இருந்தால் 15க்கு, இல்லையென்றால் 5க்கு. இப்படி நான்கு முறை பாதியாக்கினால் விட்ட இடத்துக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குள் வந்துவிடலாம். பின்னாலிருந்து தேடினால் கேட்காத திருப்பம் காதில் விழுந்துவிடும், அதனால் குறியிலிருந்து முன்னோக்கியே தேடுங்கள். நிறுத்தித் தொடங்கும்போது தானாகச் சற்றுப் பின்வாங்கும் வசதியை 10 நொடிக்கு வையுங்கள், பேருந்தில் ஏறி இறங்கும்போது உதவும்.

---

பக்கம்_27:

சன்னலோரம் புத்தகக்குறி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதை உடையாது, மழைக்காலம் பயப்படாமல் படிக்கலாம்.

டாக்டர் சீவர்டு தன் நாட்குறிப்பை போனோகிராஃபில் பேசிப் பதிகிறார் என்று ஐந்தாம் அத்தியாயத்திலேயே கேட்டிருப்பீர்கள். எடிசன் அந்தக் கருவியைச் செய்தது 1877, நாவல் வெளியானது 1897. அப்போதைக்கு அது இன்னும் புதுமையான கருவி. பதிவு மெழுகு உருளையில், ஓர் உருளையில் சில நிமிடப் பேச்சுதான் அடங்கும். 17ஆம் அத்தியாயத்தில் அந்தப் பதிவிலிருந்து ஒரு குறிப்பிட்ட பகுதி தேவைப்படும்போதுதான் சீவர்டுக்கே உறைக்கிறது: மாதக்கணக்கில் பேசிப் பதிந்திருக்கிறார், வேண்டிய இடத்தை எப்படித் தேடி எடுப்பது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நேற்று இரவு எந்த இடத்தில் தூங்கினேன் என்று நீங்கள் தேடுகிற அதே தேடல். மினா எல்லா உருளைகளையும் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். கேட்டு முடித்ததும் அவர் சொல்வது முக்கியம்: அந்த இயந்திரம் கொடூரமான அளவுக்கு உண்மையானது, குரலின் தொனியே உங்கள் மனவேதனையைச் சொல்லிவிட்டது, இனி யாரும் இதைக் காதால் கேட்க வேண்டாம், தட்டச்சுப் பிரதி போதும்.

எழுத்தில் படிப்பதைவிடக் குரலில் கேட்பது கூடுதலாகத் தாக்கும் என்று நாவலே தன் பாத்திரத்தின் வாயால் சொல்கிறது. சீவர்டு பகுதிகளை ஒலிநூலில் கேட்கும் நாம், அந்த உருளையை நேரடியாகக் கேட்கும் இடத்தில் இருக்கிறோம். அச்சுப் புத்தகத்துக்கு இது கிடைக்காது. அதனால் அவருடைய பகுதிகளை ஒருபோதும் வேகப்படுத்தாதீர்கள்.

---

மூன்றாம்மணி:

பதிப்புகளைப் பற்றி. மூன்று வகை இருக்கிறது, ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

ஒருவரே முழுதும் வாசிப்பது முதல் வகை. குரல் ஒன்றாக இருப்பதால் ஐந்தாறு மணி நேரத்தில் காது பழகிவிடும், பிறகு வாசிப்பவர் சின்னதாக நிறுத்தினாலும் உங்களுக்குத் தெரியும். குறை, யார் எழுதியது என்பதைத் தலைப்பிலிருந்து மட்டுமே பிடிக்க வேண்டும்.

பலர் வாசிப்பது இரண்டாவது. இதிலேயே இரண்டு உண்டு. லிப்ரிவாக்ஸில் தொண்டர்கள் அத்தியாயத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டவை இருக்கும், அங்கே குரல் மாறுவது பாத்திரத்தால் அல்ல, அத்தியாய எண்ணால். ஒரே ஹார்க்கருக்கு நான்கு அத்தியாயத்தில் நான்கு குரல், நான்கு அறையின் எதிரொலி. திகிலுக்கு ஆகாது. மழைக்காலம் எடுத்தது இந்த வகை என்றால் முதல் வேலையாக ஒருவர் வாசித்த பதிப்புக்கு மாறுங்கள், அதே தளத்தில் இந்த நாவலுக்கு ஒன்றுக்கு மேல் பதிவுகள் உண்டு. பாத்திரத்துக்கு ஒரு நடிகர் என்ற முறையில் ஆடிபிள் 2012இல் வெளியிட்டது வேறு: சீவர்டுக்கு ஆலன் கமிங், பேராசிரியருக்கு டிம் கறி, ஹார்க்கருக்கு சைமன் வான்ஸ். முழு உரை, பதினைந்தரை மணி நேரத்துக்கு அருகில். தாள்களின் கட்டு என்று பக்கம்_27 சொன்ன அமைப்புக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது, ஒவ்வொரு தாளுக்கும் அதன் சொந்தக்காரரின் குரல். தேதி தவறினாலும் ஆள் தவறாது.

மூன்றாவது நாடகம். இசை, கதவு கிறீச்சிடல், ஓநாய் ஊளை எல்லாம் இருக்கும், உரை வெட்டப்பட்டிருக்கும். ஆர்சன் வெல்ஸின் மெர்குரி தியேட்டர் வானொலித் தொடர் 1938 ஜூலை 11 அன்று தொடங்கியதே இந்த நாவலின் ஒரு மணி நேர நாடகத்தோடுதான். சுருக்கிய நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பாடம் அது, ஆனால் நாவலை முடித்த பிறகு கேளுங்கள். முன்னால் கேட்டால் எல்லா முடிச்சும் ஒரு மணி நேரத்தில் அவிழ்ந்துவிடும்.

வாங்கும் முன் மொத்த நேரத்தைப் பாருங்கள். 15 முதல் 18 மணி நேரம் என்றால் முழு உரை. 10 மணி நேரத்துக்குக் கீழே என்றால் வெட்டியிருக்கிறார்கள், அட்டையில் என்ன போட்டிருந்தாலும் சரி.

ஒற்றைக் காதில் கேட்பவர்களுக்கு: நாடகப் பதிப்புகள் ஸ்டீரியோ, காலடி ஓசை இடக் காதிலிருந்து வலக் காதுக்கு நகரும். ஒரு இயர்பட் மட்டும் போட்டால் பாதிக் காட்சி காணாமல் போகும். அமைப்புகள், அணுகல்தன்மை, மோனோ ஆடியோ என்று போய் ஆன் செய்யுங்கள். லிப்ரிவாக்ஸ் கோப்பு பெரும்பாலும் மோனோதான், அதற்குக் கவலை இல்லை. இரண்டு சக்கர வாகனத்தில் போகும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு எதையும் கேட்காதீர்கள், இந்த மாதிரி நாவலை அறவே கூடாது. கவனம் முழுதும் காதில் போய்விடும்.

---

ஒலித்தட்டு:

மூன்றாம்மணி சொன்னதில் ஒரு சேர்க்கை. நடிகர்கள் வாசித்த பதிப்புக்கு மாறினால் நான் சொன்ன ஈக்வலைசர் அமைப்பை எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோவில் ஏற்கெனவே அந்தப் பகுதியைத் தூக்கியிருப்பார்கள், மேலும் 3 டெசிபெல் ஏற்றினால் ஸ, ஷ ஒலிகள் ஊசியாகக் குத்தும். கடிதங்களின் வேகத்தில் பக்கம்_27 சொல்வதை ஏற்கிறேன், 1.0இலேயே விடுங்கள்.

மழைக்காலம், எட்டாவதுக்கு உடனே போகாதீர்கள். ஏழாம் அத்தியாயத்தில் கப்பல் குறிப்பு தொடங்கும் இடத்தில் ஒரு புத்தகக்குறி போட்டு, இரவில், வேகம் 1.0, பூஸ்ட் இல்லாமல், இரண்டு காதிலும் கேளுங்கள். ஆகஸ்ட் 1 என்று ஒரு பதிவு வரும், அடுத்தது ஆகஸ்ட் 2, நள்ளிரவு. அந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் வாசிப்பாளர் எத்தனை நொடி நிற்கிறார் என்று எண்ணிச் சொல்லுங்கள். அதை வைத்து இந்தப் பதிப்பிலேயே தொடரலாமா, மாறவேண்டுமா என்று பார்த்துவிடலாம்.